கால் மில்லிமீட்டரைத் தேடித் திண்டுக்கல்லுக்கு

என் வேலையைக் குறை சொல்லி ஒரு கடிதம் வந்தது. அதனால்தான் திண்டுக்கல்லுக்குப் போனேன். பூர்வீகம் தேடிப் போகவில்லை. எங்கள் தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் கிடையாது. நான் பினாங்கில் பிறந்தவள். அங்கே ஒரு தொழிற்சாலையில் சி.டி. ஸ்கேன் இயந்திரங்களுக்கு டிடெக்டர் வடிவமைக்கிறேன்.

டிடெக்டர் என்றால் ஏதோ உளவு வேலை என்று என் சித்தி இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். விஷயம் அவ்வளவு சுவாரசியமானது இல்லை. நோயாளி படுத்து நுழையும் அந்தப் பெரிய வளையத்துக்குள் ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய், எதிர்ப்பக்கம் பிறை வடிவத்தில் டிடெக்டர். இரண்டும் சேர்ந்து ஆளைச் சுற்றிச் சுழலும். டிடெக்டரில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். உடம்பைக் கடந்து வரும் கதிரை ஒவ்வொரு கட்டமும் அளந்து சொல்ல, கணினி அதைப் படமாக்கும். அந்தக் கட்டங்களை எப்படி வளைப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு.

திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் மையத்திலிருந்து வந்த கடிதத்தில், தலை, வயிறு எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, காதுக்குள் இருக்கும் பொடி எலும்புகள் மட்டும் மங்கலாக விழுகின்றன, டிடெக்டர் சரியில்லை என்று நினைக்கிறோம் என்று எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் மேலதிகாரி ஒரு சீனர். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "புதுசா ஒண்ணு அனுப்பிட்டு வேலையைப் பாரு. நீ நேர்ல போனா சண்டை போட்டுட்டுத்தான் வருவே." பதினைந்து வருடம் என்னோடு வேலை பார்த்தவர், சரியாகத்தான் சொன்னார். நான் கிளம்பியதே சண்டை போடத்தான்.

முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தேன். பினாங்கு வெயில் சட்டையை முதுகோடு ஒட்டவைக்கும். இந்த ஊர் வெயில் துவைத்துப் போட்ட துணியைப் போல ஆளை மொரமொரவென்று காயவைக்கிறது. எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் மலைக்கோட்டைப் பாறை நிற்கிறது. பத்து நிமிட ஆட்டோ பயணத்தில் ஓட்டுநர் என் வயது, சம்பளம், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை ஆகிய மூன்றையும் கேட்டு முடித்துவிட்டார். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருடமாகியும் இதையெல்லாம் கேட்டதில்லை. எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை.

மையத்தை நடத்துபவர் டாக்டர் ஷமீமா. நாற்பது வயது இருக்கும். ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்வது அவர் வேலை. அந்தக் கட்டடம் முன்பு அவருடைய அத்தாவின், அதாவது அப்பாவின், தோல் மண்டியாக இருந்ததாம். இயந்திரத்தைக் காட்டுங்கள் என்றேன். முதலில் சாப்பிடுங்கள் அக்கா என்று உட்கார வைத்துவிட்டார். வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. பினாங்கில் எங்கள் நாசி கண்டார் கடையில் சோறு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நாலைந்து குழம்பை ஊற்றித் தருவார்கள். இங்கே குழம்பே வேண்டியிருக்கவில்லை. குட்டிக் குட்டி அரிசி, ஒவ்வொன்றிலும் கறியின் சாறு. இரண்டு தட்டு சாப்பிட்டேன். கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. சண்டைக்கு வந்தவளுக்கு இப்படிச் சோறு போடுவது நியாயமில்லை என்று ஷமீமாவிடம் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு படங்களைக் காட்டினார். எல்லாம் ஒரே பெண்ணின் காது, இரண்டு முறை எடுத்தது. பெயர் பாக்கியம், வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை. மூன்று வருடமாகக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. ஆனால் வினோதம், மில்லுக்குள் அத்தனை இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறார். வீட்டில் அமைதியாக இருக்கும்போது மாமியார் கூப்பிட்டால் கேட்பதில்லை. அதனால் வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், புருஷன் உட்பட.

உள்காதுக்கு முன்னால் இருக்கும் அங்கவடி எலும்பு இறுகிப்போனால் இப்படித்தான் ஆகும் என்றார் ஷமீமா. இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுவார்கள், இந்த நோய்க்காரர்களை அந்த இரைச்சல் தொந்தரவு செய்யாது, அதனால் அங்கே மட்டும் நன்றாகக் கேட்கும். காது கேட்கும் சோதனையும் செய்தாகிவிட்டது. ஆனால் புருஷன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அது அவள் பொத்தானை அமுக்குவதைப் பொறுத்ததுதானே என்றாராம். எலும்பைக் காட்டுங்கள், கண்ணால் பார்த்தால் நம்புகிறேன் என்றிருக்கிறார். மதுரையில் அறுவை செய்யும் டாக்டரும் படம் தெளிவாக இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

"மூணாவது தடவையும் அந்தப் புள்ளையக் கதிர்ல படுக்க வைக்கணும்னா, அதுதாங்க்கா கடைசி. அப்பயும் தெரியலைன்னா நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?" என்றார் ஷமீமா. நாளைக் காலையே இயந்திரத்தைப் பார்க்கிறேன் என்றேன்.

இரண்டாம் நாள் காலை ஒரு சின்ன ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். மதியச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் செய்யலாம் என்று சமையல்காரரும் முதலாளியும் அப்போதே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுக்கொள்ளும் கறிக்கு அவ்வளவு அழகான சொல்லா என்று தோன்றியது. சிறுமலை வாழைப்பழம் இரண்டு தின்றேன், லேசான புளிப்போடு. எங்கள் ஊர் வாழைப்பழத்துக்கு வெறும் உருவம்தான் இருக்கிறது.

மையத்துக்குப் போய்ச் சோதனை உருளையை வைத்து ஸ்கேன் செய்தேன். அதற்குள் நெருக்க நெருக்கமாகக் கோடுகள் இருக்கும். எவ்வளவு நெருக்கமான கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவோ, அவ்வளவு கூர்மையான இயந்திரம். என் டிடெக்டர் பிரிக்க வேண்டிய கோடுகள் சாம்பல் பட்டையாக ஒன்றுசேர்ந்து கிடந்தன. முகம் சூடாகிவிட்டது. எக்ஸ்ரே குழாயில் கோளாறு இருக்கும் என்று அரை நாள் அதைக் குடைந்தேன். குழாய் அப்பாவி.

கடைசியில் மெல்லிய கம்பி ஒன்றைச் சரியாக மையத்தில் நிறுத்தி, அதன் நிழல் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்தேன். அங்கேதான் பிடிபட்டது. நிழல் ஒரு கட்டத்தின் நட்டநடுவில், இம்மி பிசகாமல் விழுந்திருந்தது. அப்படி விழவே கூடாது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். டிடெக்டரை நாங்கள் நடுவில் வைப்பதில்லை. வேண்டுமென்றே ஒரு கட்டத்தில் கால்பங்கு ஒதுக்கி வைக்கிறோம். நட்டநடுவில் இருந்தால், பாதிச் சுற்றுப் போய் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கதிர்கள் முதலில் போன தடத்திலேயே திரும்ப வரும். பார்த்ததையே மறுபடி பார்க்கும். கால்பங்கு ஒதுக்கிவிட்டால், இரண்டாவது முறை வரும் கதிர்கள் முதல் தடங்களுக்கு இடையில் போகும். முதலில் விட்டுப்போனதெல்லாம் அகப்படும். கட்டங்களைச் சிறிதாக்காமலே படம் கூர்மையாகிவிடும். இத்தனைக்கும் காரணம் ஒரு பக்கம் செருகியிருக்கும் கால் மில்லிமீட்டர் பித்தளைத் தகடு.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் தகடு இல்லை. ஆனால் திட்டுவதற்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவ்வளவு சுத்தமான வேலை. போல்ட் ஒவ்வொன்றும் ஒரே அளவில் முறுக்கப்பட்டிருந்தது, ஒரு தூசி இல்லை, மரை தேய்ந்திருந்த ஓர் இடத்தில் புது மரை வெட்டியிருந்தது. எங்கள் தொழிற்சாலையிலேயே இப்படி வேலை செய்ய இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். யார் செய்தது என்று கேட்டேன்.

போன வருடம் பக்கத்துக் கட்டடத்திலிருந்து இயந்திரத்தை இங்கே மாற்றினார்களாம். மாட்ட வந்த ஆட்களிடம் ஒரு போல்ட் மரை சிக்கிக்கொண்டது. அப்போது மையத்தில் கட்டில் சக்கரம், ஜெனரேட்டர் எல்லாம் பழுது பார்க்கும் ஒரு மில் ஃபிட்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே வந்த ஷமீமா பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த ஃபிட்டர் தங்கவேல். பாக்கியத்தின் புருஷன்.

என் மேலதிகாரி அன்று சாயங்காலம் போனில் சொன்னதையும் தமிழில் தருகிறேன்: "காரணம் தெரிஞ்சுதில்ல, வேற தகடு வெட்டிப் போட்டுட்டுத் திரும்பி வா." வெட்டிப் போட்டிருக்கலாம்தான். எனக்கு அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றும் இருந்தது.

மூன்றாம் நாள் பேருந்து நிலையத்தருகே, சாப்பாட்டுக் கூடையோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்த ஒரு பேருந்தைப் பார்த்தேன். வேடசந்தூரா என்று கேட்டேன். ஒருவர் தலையை ஆட்டினார், ஏறிவிட்டேன். டிக்கெட் கொடுக்க யாரும் வரவில்லை. பின்னால் இரண்டு வடநாட்டுப் பெண்கள் இந்தியில் பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார்: "சோத்துச் சட்டி இல்லாம வேலைக்கு வருதே இந்தம்மான்னு சொல்லுதுக." அப்போதுதான் அது மில் பேருந்து என்று தெரிந்தது. போன இடமும் தங்கவேலின் மில் இல்லை, எரியோட்டுப் பக்கம் வேறு ஒரு மில். வாசலில் காவலாளி என் பெயரை வருகைப் பதிவில் எழுதிக்கொண்டு எந்தப் பிரிவு என்று கேட்டார். டிடெக்டர் பிரிவு என்றேன். அப்படி ஒரு பிரிவு இல்லை என்று வருத்தப்பட்டார்.

அங்கிருந்து வேடசந்தூருக்கு மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேரை ஏற்றிய ஆட்டோவில் போனேன். ஓரத்தில் இருந்த என் மடியில் யாருடையதோ முருங்கைக்காய்க் கட்டு ஒன்று பயணம் செய்தது. இரண்டு பக்கமும் வறண்ட நிலம், நடுநடுவே பச்சையாகத் தக்காளித் தோட்டம், தென்னை. ஆட்டோவில் ஒருவர் நிலக்கடலை வாங்கினார், ஏழு பேருக்கும் பங்கு வந்தது.

ஷிஃப்ட் முடிந்து தங்கவேல் வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் இடைவெளி அளக்கும் தகட்டுக் கொத்து. ஸ்கேன் மையத்திலிருந்து வருகிறேன் என்றேன், மில் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவருடைய வேலை, நூல் சுற்றும் கதிர்களை, அதாவது ஸ்பிண்டில்களை, வளையத்துக்கு நடுவில் நிறுத்துவது. மயிரிழை விலகினாலும் நூல் அறுந்துபோகும். இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறார். ஸ்கேன் இயந்திரத்தில் ஒரு தகட்டைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமா மேடம். எவனோ அரைகொறையா வேலை பாத்துட்டுப் போயிருந்தான். ஒரு பக்கமா ஒதுங்கிப் போயிருந்துச்சு. நாந்தேன் தகட்ட உருவிட்டு அச்சா நடுவுல நிப்பாட்டுனேன்" என்றார்.

அந்த எவனோ நான்தான். பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த நாலு வார்த்தையும் மறந்துவிட்டது. இருபத்தாறு வருடம் நடுவில் வைத்துப் பழகிய கை வேறு என்ன செய்யும்? ஒரு தாளை வாங்கி வட்டம் போட்டு, எக்ஸ்ரே கதிர்கள் போகும் தடங்களை வரைந்து காட்டினேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் ரப்பர் உருளைமேல் பஞ்சு இழை ஒரே தடத்தில் ஓடினால் பள்ளம் விழுந்துவிடும் என்று நாங்களே அதை இடமும் வலமுமாக நகர்த்தி விடுவோம், அது மாதிரியா என்று கேட்டார். அதே மாதிரிதான் என்றேன். இதை ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொண்ட ஆளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அவர் முகம் மாறியது. "அப்ப பாக்கியத்தோட படம்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். ஆமாம் என்றேன். டீ ஆடை கட்டிப்போனது, குடிக்கவில்லை.

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம் மேடம்" என்றார் கடைசியில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மில்லுக்கு வார விடுமுறை. இருவரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். பாக்கியம் நம் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். குரலோ கிசுகிசுப்பு. தன் குரல் தனக்குள் பலமாகக் கேட்பதால் இந்த நோய்க்காரர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்று ஷமீமா சொல்லியிருந்தார். எனக்காகப் பாக்கியம் ஒரு தூக்குச் சட்டியில் முருங்கைக்காய்க் குழம்பு கொண்டுவந்திருந்தார். முகத்தைப் பார்த்தால் புருஷன் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

தங்கவேல் அந்தத் தகட்டை எறிந்திருக்கவில்லை. காகிதத்தில் மடித்து, மேலே எந்த இயந்திரத்தில் எடுத்தது என்று எழுதி, ஒரு வருடமாகப் பெட்டியில் வைத்திருந்தார். திரும்பச் செருக நானே போயிருக்கலாம், அவரையே செய்யச் சொன்னேன். டிடெக்டரை ஒதுக்கி வைக்க அவர் கை கொஞ்சம் கூசியது. அளந்து பார்த்தேன். கால் கட்டம், அவ்வளவு துல்லியமாக நானே வைத்ததில்லை. கணினிக்குப் புது நடுப்புள்ளியைச் சொல்லிக்கொடுத்து, சோதனை உருளையை ஓட்டினேன். சாம்பல் பட்டையாகக் கிடந்த இடத்தில் கோடு கோடாகப் பிரிந்து நின்றது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பாக்கியத்தைப் படுக்க வைத்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் அங்கவடி எலும்பு வந்தது, அரிசி நொய் அளவுதான், அதன் இரண்டு காலும் தனித்தனியாகத் தெரிந்தன. அதன் பாதத்துக்கு முன்னால், வெள்ளையாக இருக்கவேண்டிய எலும்பில் சின்னதாகக் கறுப்புத் திட்டு, பூச்சி அரித்ததுபோல. இரண்டு காதிலும். ஷமீமா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். நோய் இருப்பதற்கு நன்றி சொன்ன டாக்டரை அன்றுதான் பார்த்தேன். தங்கவேலைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

படம் மதுரைக்குப் போனது. ஒரு மணி நேரத்தில் டாக்டர் பதில் அனுப்பினார். நன்றாகத் தெரிகிறது, இடது காதில் முதலில் செய்துவிடலாம், கேட்கும் என்று.

நான் விடைபெற வெளியே வந்தேன். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள். தங்கவேல் பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். பாக்கியம் என்னாங்க, கேக்கல என்றார். அவர் மறுபடி சொன்னார், இன்னும் கொஞ்சம் சத்தமாக. பாக்கியம் தலையை ஆட்டிக் கேட்கவில்லை என்றார். தங்கவேல் சுற்றும்முற்றும் பார்த்தார். வேறு வழியில்லை.

"நாந்தேன் மிசினக் கெடுத்தேன். நடுவுல வைக்கிறேன்னு வச்சு, உன் படத்தக் கெடுத்துப்புட்டேன்."

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாக்கியம் புருஷனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கிசுகிசுப்புக் குரலில், பக்கத்தில் நின்ற எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது, சொன்னார்:

"மிசினு கெடக்கட்டும். மூணு வருசமா என்னைய நடிக்கிறேன்னு சொன்னீங்களே. அத இப்பச் சொல்லுங்க."

தங்கவேல் எழுந்து நின்றார். மில்லுக்குள் நூறு இயந்திரத்தைத் தாண்டிக் கூப்பிடும் குரல் வந்தது.

"நீ நடிக்கல பாக்கியம். உனக்கு நெசமாவே கேக்கல. நாந்தேன் நம்பல."

பாக்கியத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்பக் கேட்டுச்சு" என்றார்.